“தற்காப்புக்காகத்தான் குத்தினேன்” என்று ஒரு பையன் சொன்னால்: அந்த வழக்கை எப்படிப் படிப்பது

பதினேழு வயதுப் பையன் தன் வயதுப் பையன் ஒருவனைக் கத்தியால் குத்திவிட்டான், குத்துப்பட்டவன் இறந்துவிட்டான், குத்தியவன் “என்னைக் காப்பாத்திக்கத்தான் செஞ்சேன்” என்கிறான். இப்படி ஒரு செய்தி வந்த ஒரு மணி நேரத்தில் வாட்ஸ்அப் குழுக்களில் தீர்ப்பு எழுதி முடித்துவிடுகிறார்கள். கையில் கத்தியோடு போனவன் தற்காப்பு என்று எப்படிச் சொல்லலாம் என்று ஒரு கூட்டம், முதலில் கை வைத்தது அவன்தானே என்று இன்னொரு கூட்டம். இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் நீதிமன்றம் கேட்பது வேறு, கேட்கிற வரிசையும் வேறு. அந்த வரிசை தெரிந்தால் இப்படிப்பட்ட வழக்குச் செய்தியைப் பதறாமல் படிக்கலாம், அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விளக்குவதற்கு, கிட்டத்தட்ட எல்லாக் கட்டங்களையும் தாண்டிவிட்ட ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். 2019 மார்ச் 2, இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குத் தெற்கே ஹேல் பார்ன்ஸ், வசதியானவர்கள் வாழும் பகுதி. மூன்று பையன்கள், மூவரும் நண்பர்கள். அன்று மாலை கஞ்சா விற்பவன் ஒருவனிடம் பறிக்கப்போனதாக அரசுத் தரப்பு சொன்ன இடத்தில் ஒருவனுக்குச் செம அடி, சைக்கிளும் போயிற்று. அந்தக் கோபத்தில் நண்பர்களுக்குள்ளேயே வாக்குவாதம், தள்ளுமுள்ளு, கடைசியில் ஒரு பையனின் நெஞ்சில் கத்தி இறங்கியது. இறந்தவனுக்கு 17 வயது, உதவித்தொகையில் நல்ல பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவன். குத்தியவனுக்கும் 17. அவன் கத்தியை எடுத்ததால்தான் நானும் எடுத்தேன் என்பது அவனுடைய வாதம். மூவரின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை என்று முன்பே சொல்லிவிடுகிறேன், இதில் நமக்குத் தேவை பெயர்கள் இல்லை.

முதலில் குற்றச்சாட்டுகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள்

செய்தியில் “கொலை வழக்கு” என்று ஒரே வார்த்தையாக வரும், உள்ளே மூன்று நான்கு குற்றச்சாட்டுகள் இருக்கும். மான்செஸ்டர் வழக்கில் கொலை, மேன்ஸ்லாட்டர் (கொலைக்குக் கீழே உள்ள மரணக் குற்றம்), பொது இடத்தில் கத்தி வைத்திருந்தது, போலீஸிடம் பொய் சொல்லி விசாரணையைத் திசைதிருப்பியது என்று எல்லாம் தனித்தனி. 2019 ஜூலையில் ஜூரி (வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) அந்தப் பையனைக் கொலையிலிருந்தும் மேன்ஸ்லாட்டரிலிருந்தும் விடுவித்தது. கத்திக்கும் பொய்க்கும் சேர்த்து 16 மாதத் தண்டனை விழுந்தது. கூட இருந்த மூன்றாவது பையனுக்குக் கத்தி வைத்திருந்ததற்கு 4 மாதம்.

“ஒரு உயிருக்கு 16 மாதம்தானா” என்று அப்போது பலர் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பு எனக்குப் புரிகிறது, அந்தத் தாயின் இடத்தில் வைத்துப் பார்த்தால் வேறு எப்படி இருக்கும். ஆனால் அந்த 16 மாதம் உயிருக்கான கணக்கு இல்லை. உயிர் போனதற்கான குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை, நிரூபணமான வேறு இரண்டு குற்றங்களுக்கான கணக்கு அது. ஆகவே எந்த வழக்கிலும் முதலில் பார்க்க வேண்டியது, எந்தக் குற்றச்சாட்டுக்கு என்ன முடிவு என்பதை.

அப்புறம், நிரூபிக்க வேண்டியவர் யார்

நம் ஆட்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. தற்காப்பு என்று சொன்னவன் அதை நிரூபிக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் அப்படி இல்லை, அமெரிக்காவில் டெக்சாஸிலும் நியூயார்க்கிலும் அப்படி இல்லை. தற்காப்பு என்று சொல்ல ஏதோ ஒரு ஆதாரம், தன் சொந்தச் சாட்சியமாகவே இருக்கலாம், அது முன்னால் வந்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு “இது தற்காப்பு இல்லை” என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு.

இதன் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஜூரியில் இருப்பவர்களுக்குப் பையன் சொல்வதில் பாதிகூட நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம், பொய் சொல்கிறானோ என்றுகூடத் தோன்றலாம். ஆனாலும் “ஒருவேளை உண்மையாக இருந்துவிட்டால்” என்ற நியாயமான சந்தேகம் மிச்சமிருந்தால் விடுதலை செய்தே ஆக வேண்டும். இறந்தவன் வந்து தன் பக்கத்தைச் சொல்ல முடியாது என்பதால் இது குடும்பத்துக்குத் தாங்க முடியாத அநியாயமாகத் தெரியும். ஆனால் இந்த விதியைத் தூக்கிவிட்டால், உண்மையிலேயே உயிருக்குப் பயந்து கையை ஓங்கிய பிள்ளையும் உள்ளே போவான்.

நம்பிக்கை ஒன்று, அளவு வேறு

இங்கிலாந்துச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் 76ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. ஜூரி இரண்டு கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறது. தனக்கு ஆபத்து என்று அந்தப் பையன் உண்மையிலேயே நம்பினானா? இங்கே நம்பிக்கை தவறாக இருந்தாலும் பரவாயில்லை, உண்மையான நம்பிக்கையாக இருந்தால் போதும் (தானே குடித்துவிட்டோ போதைப்பொருள் எடுத்துக்கொண்டோ வந்த தவறான நம்பிக்கை செல்லாது). அடுத்து, அவன் நம்பிய அந்தச் சூழ்நிலையில், அவன் செய்தது அளவோடு இருந்ததா? இந்த இரண்டாவது கேள்வியில் அவன் நினைப்பு எடுபடாது, நியாயமான மனிதர் ஒருவர் பார்த்தால் என்ன சொல்வார் என்பதுதான் அளவுகோல்.

பல வழக்குகள் இந்த இரண்டாவது கேள்வியில்தான் விழுகின்றன. எதிராளி கையால் தள்ளினான், இவன் கத்தியை எடுத்தான் என்றால் அளவு மீறிவிட்டது என்று அரசுத் தரப்பு அடித்துச் சொல்லும். எதிராளியும் கத்தியை எடுத்தான் என்றால் கணக்கே மாறிவிடும். அதனால்தான் மான்செஸ்டர் வழக்கில் யார் கத்தியை யார் எப்போது வெளியே எடுத்தார் என்ற ஒரே கேள்வியைச் சுற்றி இத்தனை விவாதம். ஆபத்தின் நடுவில் நிற்கும் ஒருவன் தராசு வைத்து நிறுத்துப் பார்த்துச் செயல்பட முடியாது என்பதையும் அந்தப் பிரிவே சொல்கிறது, ஜூரி அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

செய்தி படிக்கும்போது நான் தேடும் விவரங்கள் இவை: எத்தனை குத்து, எந்த இடத்தில், முன்பக்கமா முதுகிலா, எதிராளியின் கையில் என்ன இருந்தது, குத்துக்கு முந்தைய சில நொடிகளில் இருவருக்கும் நடுவே எவ்வளவு தூரம், குத்தியவன் உடம்பில் காயம் இருக்கிறதா. இந்த ஆறும் இல்லாத செய்தியை வைத்துக்கொண்டு தற்காப்பா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது, வழக்கறிஞராக இருந்தாலும் சரி.

ஓடியிருக்கலாமே என்ற கேள்வி

இதற்கு ஊருக்கு ஊர் பதில் வேறு. இங்கிலாந்தில் பின்வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் பின்வாங்க வாய்ப்பு இருந்ததா என்பதை ஜூரி கணக்கில் எடுக்கலாம். நியூயார்க்கில், வீட்டுக்கு வெளியே, முழுப் பாதுகாப்போடு விலகிப்போக முடியும் என்று தெரிந்திருந்தால் உயிர் பறிக்கும் அளவு பலத்தைப் பயன்படுத்தக் கூடாது. டெக்சாஸ் 2007இல் நேர் எதிர்த் திசையில் போனது: இருக்க உரிமையுள்ள இடத்தில், தூண்டிவிடாமல், வேறு குற்றம் எதுவும் செய்துகொண்டிராமல் இருந்தவன் பின்வாங்க வேண்டியதில்லை, ஏன் பின்வாங்கவில்லை என்பதை ஜூரி யோசிக்கவும் கூடாது. ஆனால் அங்கேயும் வெறும் வாய்ச்சண்டைக்குப் பதிலாக பலத்தைப் பயன்படுத்த முடியாது, எதிராளி உயிருக்கு ஆபத்தான பலத்தை (அல்லது கொலை, கொள்ளை, பாலியல் வன்முறை போன்ற சில குற்றங்களை) நாடுகிறான் என்று நியாயமாக நம்பினால்தான் கத்திக்கு இடம் உண்டு.

நியூயார்க்கின் பிராங்க்ஸில் 2017 செப்டம்பரில் வகுப்பறைக்குள்ளேயே ஒரு 18 வயது மாணவன் சக மாணவனைக் குத்திக் கொன்றான், இறந்தவனுக்கு 15 வயது. நீண்ட நாளாக என்னைச் சீண்டினார்கள், பயந்துதான் குத்தினேன் என்றான். ஜூரி வேண்டாம் என்று நீதிபதி முன்னால் மட்டும் விசாரணை நடந்தது. 2019 ஜூலையில், மான்செஸ்டர் விடுதலை வந்த அதே மாதத்தில், மேன்ஸ்லாட்டர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது, தண்டனை 14 ஆண்டு. சீண்டல் உண்மையாக இருந்தாலும், பல மாத வேதனை வேறு, அந்த நொடியின் ஆபத்து வேறு. தற்காப்புச் சட்டம் அந்த நொடியைத்தான் பார்க்கிறது. பள்ளியில் சீண்டலுக்கு ஆளாகும் பிள்ளை வீட்டில் இருந்தால் பெற்றோர் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைக்க வேண்டும், புகாரை எழுத்தில் கொடுத்து வைக்கவும் வேண்டும்.

கத்தி கொண்டுபோனதே குற்றம்தானே?

ஆமாம், குற்றம்தான், ஆனால் தனிக் குற்றம். இங்கிலாந்தில் மூன்று அங்குலத்துக்கு மேற்பட்ட மடக்குக் கத்தியையோ மடங்காத எந்தக் கத்தியையோ தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருந்தால் 4 ஆண்டு வரை சிறை. “பாதுகாப்புக்கு வைத்திருந்தேன்” என்பது பொதுவாகத் தக்க காரணம் ஆகாது. இதை நம் பிள்ளைகள் பலர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள், பயத்துக்காகத்தானே வைத்திருக்கிறேன் என்று. மான்செஸ்டர் வழக்கில் வந்தவை பட்டன் கத்திகள், அவற்றை விற்பதே அங்கே 1959 முதல் தடை. இருந்தும் சட்டவிரோதக் கத்தி கையில் இருந்த ஒரே காரணத்துக்காகத் தற்காப்பு வாதம் தானாக விழுந்துவிடாது. ஜூரி அதை எடைபோடும், அவ்வளவுதான். முதலில் சண்டையைத் தொடங்கியவன் விஷயத்திலும் இதே கதை: தொடங்கியவன் என்பதாலேயே வாசல் மூடப்படாது, ஆனால் எதிராளியின் பதில் அளவு மீறிப் போய் நிலைமை தலைகீழானால்தான் அவனுக்கு அந்த வாதம் பயன்படும்.

பொய் சொன்னான் என்பது தெரிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். மான்செஸ்டர் பையன் சம்பவ இடத்திலேயே போலீஸிடம் பொய் சொன்னான், பின்னர் அதை ஒப்புக்கொண்டான், தண்டனையும் பெற்றான். பயந்த பிள்ளையும் பொய் சொல்வான், குற்றம் செய்தவனும் சொல்வான். பொய் அவன் நம்பகத்தன்மையைக் குறைக்கும், குத்தின நொடியில் என்ன நடந்தது என்பதைத் தனியாக நிரூபிக்காது.

விடுதலை என்றால் என்ன பொருள், என்ன பொருள் இல்லை

மான்செஸ்டர் வழக்கை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே இந்தப் பகுதிதான். விடுதலைக்குப் பிறகு மரண விசாரணை நடந்தது, அதாவது ஒருவர் எப்படி இறந்தார் என்பதை மட்டும் கண்டறியும் தனி விசாரணை. 2021இல் முதல் மரண விசாரணை, நடந்ததைத் துல்லியமாக உறுதிசெய்ய முடியவில்லை என்று முடித்தது. குடும்பம் விடவில்லை, உயர் நீதிமன்றம் வரை போனது, அந்த முடிவு ரத்தாகிப் புதிய மரண விசாரணைக்கு உத்தரவு வந்தது. 2023 நவம்பரில் அந்த இரண்டாவது விசாரணை அதிகாரி சொன்னது: இது சட்டவிரோதமாகக் கொல்லப்பட்ட மரணம்.

ஒரே மரணம், ஒரே இரவு. ஜூரி விடுவித்தது, மரண விசாரணை சட்டவிரோதம் என்றது. இதில் ஒன்று பொய் என்று அர்த்தமில்லை. குற்றவியல் நீதிமன்றம் கேட்டது, சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமா என்று. மரண விசாரணை கேட்டது, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று. 2020இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மரண விசாரணைகளில் இந்தக் குறைந்த அளவுகோலே போதும் என்று தீர்ப்பளித்திருந்தது. மரண விசாரணை யாரையும் சிறைக்கு அனுப்பாது, பழைய விடுதலையையும் மாற்றாது. ஆனால் நாலு வருடம் போராடிய ஒரு குடும்பத்துக்கு அந்த இரண்டு சொற்கள் எவ்வளவு பெரியவை என்பதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. “விடுதலையானான், ஆகவே செத்தவன்தான் தப்பு” என்று எழுதுபவர்கள் கொஞ்சம் நிறுத்தி இதைப் படிக்க வேண்டும்.

வதந்தி விஷயம் சுருக்கமாக. 2025 ஏப்ரல் 2 அன்று டெக்சாஸில் ஃபிரிஸ்கோ நகரில், பள்ளி தடகளப் போட்டி நடந்த மைதானத்தில் இதேபோல் ஒரு 17 வயது மாணவன் இறந்தபோது, போலியான பிரேதப் பரிசோதனை அறிக்கை ஒன்று இணையம் முழுக்கச் சுற்றியது, காவல்துறைத் தலைவர் பெயரில் போலிக் கணக்கும் வந்தது. நிறத்தை வைத்து இரண்டு அணியாகச் சண்டை. டாலஸ் பக்கம் நம் குடும்பங்கள் நிறைய இருப்பதால் தமிழ்க் குழுக்களிலும் இதெல்லாம் வந்திருக்கும். படமாக வரும் எந்த ஆவணத்தையும் நம்பாதீர்கள், இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடக்கும்போது “இவன்தான் கொலைகாரன்” என்று பகிர்ந்தால் நீதிமன்ற அவமதிப்பு ஆகலாம். அங்கே நீதிமன்றம் பெயரை வெளியிடத் தடை போட்ட 18 வயதுக்குக் குறைந்தவரின் பெயரை எழுதுவதும் குற்றம்.

உங்கள் பிள்ளை அந்த இடத்தில் இருந்துவிட்டால்

இங்கிலாந்தில் என்றால், உடனே அவசர உதவி எண் 999. கத்தி உடம்பில் இருந்தால் பிடுங்காதீர்கள், அதைச் சுற்றி அழுத்துங்கள். இல்லையென்றால் துணியால் காயத்தின் மேல் பலமாக அழுத்திக்கொண்டே இருங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை எடுக்க வேண்டாம். கத்தியைத் தூக்கி எறியவோ கழுவவோ கூடாது, போனில் இருக்கும் செய்தி எதையும் அழிக்கக் கூடாது, கூட இருந்த பிள்ளைகளோடு “இப்படிச் சொல்வோம்” என்று பேசி வைத்துக்கொள்ளக் கூடாது, அது தனிக் குற்றமாகிவிடும்.

காவல் நிலையத்தில் வழக்கறிஞர் இலவசம், வசதி இருக்கிறதா என்று பார்க்க மாட்டார்கள். கேட்டு வாங்குங்கள், அவர் வரும்வரை பையன் விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டாம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரோ பொறுப்பான பெரியவர் ஒருவரோ கூடவே இருக்க வேண்டும் என்பது விதி. ஒன்று மட்டும் கவனம்: அங்கே மௌனமாக இருக்க உரிமை உண்டு, ஆனால் பின்னால் நீதிமன்றத்தில் தற்காப்பு என்று சொல்லப்போகிறவன் அதை விசாரணையில் சொல்லாமல் விட்டிருந்தால், ஏன் அப்போது சொல்லவில்லை என்று ஜூரி சந்தேகப்படலாம். எதை, எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை அந்த அறையில் வழக்கறிஞரோடு தனியாகப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும், சித்தப்பா பெரியப்பா போனில் சொல்லிக்கொடுத்து இல்லை.