போனில் சேர்ந்த வீடியோக்களை பைத்தான் ஸ்கிரிப்ட் மூலம் கணினிக்கு மாற்றுவது எப்படி?

போனை கேபிளில் மாட்டி வீடியோக்களை மவுஸால் இழுத்துப் போடுவது இருபது முப்பது ஃபைல்களுக்குச் சரிப்படும். ஐந்தாறு வருடமாகச் சேர்ந்ததை அப்படி மாற்றப் போனால் பாதியில் நின்றுவிடும். எது வந்தது, எது விடுபட்டது என்று தெரியாது. மறுபடி இழுத்தால் ஒரே வீடியோ இரண்டு மூன்று பெயரில் குவியும், பலவற்றின் தேதி இன்றைய தேதியாகியிருக்கும். இந்த வேலையைப் பைத்தான் என்ற நிரல் மொழியிடம் கொடுப்பது வேகத்துக்காக அல்ல; கேபிள் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் வேகம். வந்து சேர்ந்த ஒவ்வொரு ஃபைலும் போனில் இருந்தபடியே முழுசாக இருக்கிறது என்று ஸ்கிரிப்ட் கணக்குக் காட்டும். அந்தக் கணக்கு கையில் இருந்தால்தான் போனில் இருப்பதை அழிக்கத் துணியலாம்.

தொடங்கும் முன்: இடம், கேபிள், டிஸ்க்

ஐபோனில் ஹெச்இவிசி என்ற சுருக்க முறையில் எடுத்த 4கே வீடியோ, நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி, 60 ஃபிரேம் என்றால் சுமார் 400 எம்பி. ஆண்ட்ராய்டிலும் கிட்டத்தட்ட இந்த அளவுகள்தான், மாடலைப் பொறுத்துக் கூடும் குறையும். யுஎஸ்பி 2.0 கேபிளில் நொடிக்கு 480 மெகாபிட் என்று எழுதியிருந்தாலும் நடைமுறையில் 30 முதல் 40 எம்பி வரைதான் கிடைக்கும். 35 எம்பி என்று வைத்தால் 100 ஜிபி மாற்ற முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஐபோன் 15 ப்ரோவின் போர்ட் இதைவிடப் பல மடங்கு வேகமானது, ஆனால் பெட்டியோடு வரும் கேபிள் யுஎஸ்பி 2.0தான். வேகம் வேண்டுமென்றால் யுஎஸ்பி 3 கேபிள் தனியாக வேண்டும்.

வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ சேமிப்பதாக இருந்தால் அது ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபேட்32 டிஸ்க்கில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. நொடிக்கு 60 ஃபிரேமில் எடுத்த 4கே வீடியோ பத்து நிமிடம் ஓடினாலே அந்த எல்லையைத் தொட்டுவிடும். டிஸ்க்கில் நூறு ஜிபி காலியாக இருக்கும்போதே எழுத முடியவில்லை என்று பிழை வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் தீர்ந்தது. மாற்றும்போது டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழியும் என்பதால் முதலில் அதைக் காலி செய்யுங்கள். போதுமான காலி இடம் இருக்கிறதா என்பதை பைத்தானின் ஷுடில் மாட்யூலில் (மாட்யூல் என்பது பைத்தானோடு வரும் தயார் நிரல் தொகுப்பு) உள்ள டிஸ்க்_யூசேஜ் சொல்லிவிடும். ஸ்கிரிப்டின் முதல் வேலையாக அதையே வையுங்கள்.

ஆண்ட்ராய்டு: ஏடிபி வழி

கேபிளில் மாட்டியதும் கணினியில் தெரியும் போன் ஃபோல்டர் எம்டிபி என்ற ஃபைல் பரிமாற்ற முறையில் வருவது. விண்டோஸில் அதற்கு டிரைவ் எழுத்து கிடையாது. அதனால் ஃபோல்டர்களைத் துழாவும் பைத்தானின் ஓஎஸ்.வாக், பாத்லிப் போன்றவற்றின் கண்ணுக்கு அது படாது. கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி கருவியை நிறுவி, பைத்தானிலிருந்து வெளி நிரல்களை ஓட்டும் சப்ப்ராசஸ் மாட்யூல் வழியாக அதை இயக்குவதே நம்பகமான வழி.

போனின் செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து கேபிளை மாட்டுங்கள். போன் திரையில் வரும் அனுமதிக் கேள்விக்குச் சம்மதம் கொடுத்துவிட்டு, கணினியில் ஏடிபி டிவைசஸ் கட்டளையை ஓட்டுங்கள். சீரியல் எண்ணுக்குப் பக்கத்தில் டிவைஸ் என்று வந்தால் தயார். அன்ஆதரைஸ்டு என்று வந்தால் போன் திரையில் அந்தக் கேள்வி இன்னும் காத்திருக்கிறது என்று பொருள். எதுவுமே வரவில்லை என்றால் சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருக்கக்கூடும்.

அடுத்தது பட்டியல். போனுக்குள்ளேயே ஃபைன்ட் கட்டளையை ஓட்டி, கிடைக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஸ்டாட் கொண்டு அளவு, மாற்றிய நேரம், பாதை மூன்றையும் ஒரே வரியில் வாங்குங்கள். வரி இப்படி இருக்கும்:

1288490188|1705324074|/எஸ்டிகார்டு/டிசிஐஎம்/கேமரா/விஐடி_20240115_183022.எம்பி4

முதல் எண் பைட் கணக்கில் அளவு, இரண்டாவது எண் 1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய நொடிகள். ஃபைல் பெயரில் இருப்பது பெரும்பாலும் பதிவு தொடங்கிய நேரம், இரண்டாவது எண்ணில் இருப்பது பதிவு முடிந்த நேரம். இரண்டும் சில நிமிடம் விலகியிருந்தால் பதற வேண்டாம்.

இந்த இடத்தில் பலரும் சறுக்குவது மேற்கோள் குறியில். சப்ப்ராசஸுக்குக் கட்டளையை லிஸ்டாகக் கொடுத்தால் கணினியின் ஷெல் (கட்டளை வரியைப் படித்து இயக்கும் நிரல்) குறுக்கே வராது என்பது சரிதான். ஆனால் ஏடிபி ஷெல் அந்தத் துண்டுகளையெல்லாம் ஒரே வரியாகச் சேர்த்துப் போனில் உள்ள ஷெல்லிடம் கொடுக்கிறது. அங்கே பெயரில் இருக்கும் இடைவெளியும் அடைப்புக்குறியும் கட்டளையைப் பிய்த்துவிடும். போனில் ஓடும் கட்டளையில் வரும் பாதை ஒவ்வொன்றையும், மேற்கோள் குறி போட்டுத் தரும் ஷெலெக்ஸ் மாட்யூலின் கோட் செயல்பாட்டில் சுற்றிக் கொடுங்கள். ஃபைலைக் கணினிக்கு எடுத்து வரும் ஏடிபி புல் கட்டளைக்கு இது வேண்டாம். அது ஷெல் வழியாகப் போவதில்லை, சுற்றினால்தான் ஃபைலைக் காணவில்லை என்று சொல்லும்.

விண்டோஸில் இன்னொன்று: சப்ப்ராசஸில் என்கோடிங்கை யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் கொடுக்காவிட்டால் தமிழில் பெயரிட்ட ஃபைல்களில் எழுத்து சிதைந்து ஸ்கிரிப்ட் நின்றுவிடும்.

கேமரா எடுத்தவை இருக்கும் டிசிஐஎம் ஃபோல்டரோடு நிறுத்தாதீர்கள். எடிட்டிங் ஆப்கள் பலவும் மூவீஸ் ஃபோல்டரில் சேமிக்கும். வாட்ஸ்அப் வீடியோக்கள் ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள் மீடியா என்பதன் கீழ் இருக்கும். மெமரி கார்டு போட்டிருந்தால் அது ஸ்டோரேஜ் என்பதன் கீழ் எட்டு எழுத்துப் பெயரோடு தனியாக நிற்கும். ஆண்ட்ராய்டு 11 முதல், குப்பைக்கு அனுப்பிய வீடியோ அதே ஃபோல்டரில் .டிராஷ்டு என்று தொடங்கும் பெயரோடு தங்கியிருக்கும். இன்னும் எழுதி முடியாதது .பெண்டிங் என்று தொடங்கும். புள்ளியில் தொடங்கும் பெயர்களைப் பட்டியலிலிருந்து தள்ளுங்கள். இல்லாவிட்டால் வேண்டாமென்று அழித்ததெல்லாம் கணினியில் திரும்ப வந்து நிற்கும்.

ஐபோன்

ஐபோனில் பைமொபைல்டிவைஸ்3 என்ற பைத்தான் லைப்ரரி கைகொடுக்கும். ஏஎஃப்சி என்ற சேவை வழியாக அது போனின் மீடியா பகுதிக்குள் போய், டிசிஐஎம் ஃபோல்டரில் உள்ள ஃபைல்களை இருக்கிற மேனிக்கே எடுத்து வரும். விண்டோஸில் ஆப்பிளின் டிரைவரும், லினக்ஸில் ஐபோனோடு பேச உதவும் யுஎஸ்பிமக்ஸ்டி நிரலும் தேவை. போனைத் திறந்து வைத்து, இந்தக் கணினியை நம்பலாமா என்ற கேள்விக்கு ஒப்புதல் கொடுத்து, கடவு எண்ணையும் போட வேண்டும். இந்த லைப்ரரியின் செயல்பாடுகள் பதிப்புக்குப் பதிப்பு மாறுகின்றன. ஒரு பதிப்பில் ஸ்கிரிப்ட் ஒழுங்காக ஓடினால் அந்த எண்ணை ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் குறித்து வைத்துவிடுங்கள். ஃபைல் முழுவதையும் ஒரே மூச்சில் மெமரியில் ஏற்றும் செயல்பாட்டைத் தவிர்த்து புல் செயல்பாட்டையே பயன்படுத்துங்கள். 6 ஜிபி வீடியோவை மெமரியில் ஏற்றினால் சிறிய கணினி திணறிவிடும்.

ஐபோனில் கவனிக்க வேண்டியவை நிறைய. முதலாவது ஐகிளவுட். செட்டிங்ஸில் ஃபோட்டோஸ் பகுதியில் ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ் ஆனில் இருந்தால் பழைய வீடியோக்களின் அசல் போனிலேயே இருக்காது. கேலரியில் சிறுபடம் தெரியும், டிசிஐஎம் ஃபோல்டரில் ஃபைல் இருக்காது, ஸ்கிரிப்டும் எந்தப் பிழையும் சொல்லாமல் முடிந்துவிடும். பட்டியலில் வந்த எண்ணிக்கையைக் கேலரியின் வீடியோஸ் ஆல்பம் காட்டும் எண்ணிக்கையோடு கட்டாயம் ஒப்பிடுங்கள். குறைந்தால், போனில் இடம் இருக்கும் பட்சத்தில் டவுன்லோட் அண்ட் கீப் ஒரிஜினல்ஸுக்கு மாற்றி, எல்லாம் இறங்கும் வரை காத்திருங்கள். மேக் வைத்திருப்பவர்களுக்கு ஓஎஸ்எக்ஸ்ஃபோட்டோஸ் என்ற பைத்தான் கருவி இன்னும் வசதி: ஃபோட்டோஸ் லைப்ரரியைப் படித்து, வீடியோக்களை மட்டும் பிரித்து, ஐகிளவுடில் நிற்பதையும் இறக்கித் தரும்.

அதே எண்ணிக்கை கூடினால் காரணம் லைவ் ஃபோட்டோக்கள். ஒவ்வொரு லைவ் ஃபோட்டோவுடனும் அதே பெயரில் மூன்று நொடி எம்ஓவி ஃபைல் ஒன்று இருக்கும். அதே ஃபோல்டரில் அதே பெயரில் ஹெச்இஐசி அல்லது ஜேபெக் இருந்தால் அந்த எம்ஓவியைத் தனி ஃபோல்டருக்கு அனுப்புங்கள். தூக்கி எறிய வேண்டாம், படத்தோடு சேர்ந்தால்தான் அது மறுபடி லைவ் ஃபோட்டோ ஆகும்.

ஸ்லோமோ வீடியோ கணினியில் சாதாரண வேகத்தில் ஓடினால் ஃபைல் கெட்டுவிட்டதாக நினைக்காதீர்கள். அசல் ஃபைலில் 120 அல்லது 240 ஃபிரேமும் அப்படியே இருக்கின்றன. எங்கே மெதுவாக ஓட வேண்டும் என்ற குறிப்பு மட்டும் வெளியே இருக்கிறது. போனில் வெட்டித் திருத்திய வீடியோவும் இதே கதைதான்: டிசிஐஎம் ஃபோல்டரில் இருப்பது திருத்தாத அசல், திருத்தியது ஃபோட்டோடேட்டா ஃபோல்டருக்குள் மியூட்டேஷன்ஸ் என்பதன் கீழ் இருக்கும். திருத்தியதும் வேண்டுமென்றால் அந்தப் பாதையையும் பட்டியலில் சேருங்கள்.

விண்டோஸில் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் வழியாக எடுப்பவர்கள், டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி என்ற இடத்தில் கீப் ஒரிஜினல்ஸ் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் விட்டால் போன் வழியிலேயே வீடியோவை வேறு முறைக்கு மாற்றிக் கொடுக்க முயலும். பாதியில் அறுந்துபோவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

காப்பி செய்து சரிபார்ப்பது

ஃபைலை நேரடியாக அதன் இறுதிப் பெயரில் எழுத வேண்டாம். பெயருக்குப் பின்னால் .பார்ட் சேர்த்து எழுதி, அளவு பட்டியலோடு பைட் பிசகாமல் பொருந்திய பிறகே ஓஎஸ்.ரீப்ளேஸ் மூலம் உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். இந்த ஒரு ஏற்பாடு இருந்தால், நடுவில் கேபிள் ஆடினாலும் மின்சாரம் போனாலும் பாதி ஃபைல் எதுவும் முழு ஃபைல் வேடத்தில் தங்காது. ஏடிபி புல் விட்ட இடத்திலிருந்து தொடராது. அதனால் ஸ்கிரிப்ட் மறுபடி ஓடும்போது .பார்ட் ஃபைல்களை அழித்து அவற்றை மட்டும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். முடிந்தவற்றைத் தாண்டிப் போக வேண்டும். ஒவ்வொரு புல் கட்டளையும் முடியும்போது தரும் ரிட்டர்ன் கோடு எண்ணைப் பாருங்கள், பூஜ்யம் இல்லையென்றால் மூன்று முறை வரை முயன்று, முடியாததைத் தோல்விப் பட்டியலில் எழுதிவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போங்கள்.

அளவு பொருந்தினால் பெரும்பாலும் போதும். அழிக்கப் போகிறீர்கள் என்றால் போதாது. ஆண்ட்ராய்டில் ஏடிபி ஷெல் வழியாக எஸ்ஹெச்ஏ256சம் கட்டளையைப் போனிலேயே ஓட்டி, அது தரும் ஹேஷை (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற மதிப்பு) கணினியில் பைத்தானின் ஹேஷ்லிப் தரும் மதிப்போடு ஒப்பிடலாம். பைத்தான் 3.11 முதல் ஹேஷ்லிப்பில் ஃபைல்_டைஜஸ்ட் இருக்கிறது. பெரிய ஃபைலையும் துண்டு துண்டாக அதுவே படித்துக்கொள்ளும். ஐபோனில் ஷெல் கிடையாது. அங்கே எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ கருவி கொண்டு வீடியோவைத் தொடக்கம் முதல் கடைசி வரை டீகோட் செய்து பிழை வருகிறதா என்று பார்ப்பது நல்ல மாற்று. போனில் பதிவாகும் வீடியோக்களில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் மூவ் பகுதி பொதுவாக ஃபைலின் கடைசியில்தான் எழுதப்படும். ஃபைலின் வால் அறுந்திருந்தால் முதல் நொடிகூட ஓடாது, மூவ் ஆட்டம் (அந்த மூவ் பகுதிதான்) கிடைக்கவில்லை என்று பிழை வரும்.

போன் பாதை, கணினிப் பாதை, அளவு, ஹேஷ், சரிபார்த்த நேரம் ஐந்தையும் எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸின் டேபிளில் பதியுங்கள். ஒரே ஹேஷ் இரண்டு வரியில் வந்தால் அது நகல்.

தேதியும் பெயரும்

ஃபைலின் மாற்றிய நேரத்தை முழுதாக நம்ப முடியாது. போன் மாற்றியபோதோ பேக்கப்பிலிருந்து திரும்ப எடுத்தபோதோ அது மாறியிருக்கலாம். எம்பி4, எம்ஓவி இரண்டிலும் உள்ளேயே உருவான நேரம் பதிவாகியிருக்கும், எஃப்எஃப்எம்பெக்கோடு வரும் எஃப்எஃப்ப்ரோப் அதைக் காட்டும். நேரடியாக பைட்டுகளைப் படிப்பவர்கள் கவனிக்க: அந்த எண் 1904 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகள். யூனிக்ஸ் நேரமாக்க (1970 முதல் எண்ணும் நொடிகள்) 2082844800 கழிக்க வேண்டும். அங்கே பூஜ்யம் இருந்தால் 1904 என்று காட்டும். அப்படி வந்தால் ஃபைல் பெயரில் உள்ள தேதிக்குப் போங்கள். வாட்ஸ்அப் வீடியோவின் பெயரில் உள்ள தேதி எடுத்த நாளாக இல்லாமல் வந்து சேர்ந்த நாளாகவும் இருக்கலாம்.

உள்ளே இருக்கும் நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். அதை உள்ளூர் நேரமாக மாற்றாமல் ஃபோல்டர் பிரித்தால் நள்ளிரவை ஒட்டி எடுத்தவை பக்கத்து நாளில் போய் விழும். ஐபோன் தனியாக கிரியேஷன்டேட் என்ற குறிச்சொல்லில் நேர மண்டலத்தோடு எழுதுகிறது, இருந்தால் அதற்கே முதலிடம். பிக்சல் போன்களின் பிஎக்ஸ்எல் என்று தொடங்கும் பெயர்களிலும் யுடிசி நேரம்தான்.

பெயரில் தேதியை முன்னே வைத்து, பழைய பெயரைப் பின்னே விடுங்கள். ஐபோனின் ஐஎம்ஜி எண் 9999ஐத் தாண்டினால் மறுபடி 0001 ஆகும். பழைய பெயரை மட்டும் நம்பினால் ஒரு வீடியோ இன்னொன்றின் மேல் எழுதப்பட்டுவிடும். கடைசியாக ஓஎஸ்.யூடைம் கொண்டு மாற்றிய நேரத்தைச் சரியாக்குங்கள். விண்டோஸில் இது உருவான தேதியைத் தொடாது; அதனால் மாற்றிய தேதியை வைத்தே வரிசைப்படுத்துங்கள்.

போனில் இருப்பதை அழிப்பது

இதை ஸ்கிரிப்டில் செய்யாதீர்கள். ஐபோனின் டிசிஐஎம் ஃபோல்டரிலிருந்து ஃபைலை நேரடியாக நீக்கினால் ஃபோட்டோஸ் ஆப்பின் டேட்டாபேஸுக்கு அது தெரியாது; வெற்றுக் கட்டங்கள் கேலரியில் நிற்கும். ஆண்ட்ராய்டிலும் ஷெல் வழியாக நீக்கினால் மீடியாஸ்டோர் என்ற மீடியா பட்டியலில் பழைய பதிவு தங்கலாம். தோல்விப் பட்டியல் காலியாக இருக்கிறதா, டேபிளில் உள்ள எண்ணிக்கை பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டாவது டிஸ்க்கில் ஒரு நகலும் போட்ட பிறகு கேலரி ஆப்பிலிருந்தே அழியுங்கள். ஐகிளவுட் ஃபோட்டோஸ் ஆனில் இருந்தால் போனில் அழிப்பது மற்ற ஆப்பிள் கருவிகளிலிருந்தும் போய்விடும். அழித்தவை ஐபோனில் ரீசன்ட்லி டெலிட்டட் ஆல்பத்தில் 30 நாள் வரை கிடக்கும், அதையும் காலி செய்யும் வரை போனில் காலி இடம் அதிகமாகாது.