இரும்புச் சிலுவை வாங்கும்போது விளிம்பைப் பாருங்கள்

இரும்புச் சிலுவை என்பது ஜெர்மன் ராணுவ வீரப் பதக்கம். நான் வாங்கிய முதல் சிலுவை போலி. ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் 6,500 ரூபாய் கொடுத்தேன். ஜெர்மன் சிப்பாய் ஒருவரின் குடும்பத்திலிருந்து வந்தது என்று அவர் சொன்ன கதையில் மனம் போய்விட்டது. மதுரை தெற்காவணி மூல வீதிப் பக்கம் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறேன். பட்டறைக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால், முழுசும் ஒரே வார்ப்பு, மேலே கறுப்புப் பெயிண்ட்.

புதிதாகச் சேர்க்கிறவர்கள் 1914ஆம் ஆண்டின் இரண்டாம் வகுப்புச் சிலுவையில் தொடங்குங்கள். சாமர்த்தியசாலியை நம் பெரியவர்கள் ‘எம்டன்’ என்பார்களே, 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு வீசிய அந்த ஜெர்மன் கப்பலின் காலத்துப் பதக்கம் இது. லட்சக்கணக்கில் கொடுத்தார்கள், அதனால் அசல் இன்னும் கிடைக்கிறது. அரிய பதக்கங்களுக்குப் போகுமுன் கண் இதில் பழக வேண்டும்.

சிலுவையின் மேல் கையில் கிரீடம், நடுவில் டபிள்யூ, கீழே 1914. பின்பக்கம் ஓக் இலைகளும் 1813 என்ற ஆண்டும். பிரஷ்ய மன்னர் இந்த விருதை முதலில் ஏற்படுத்திய ஆண்டு அது. ஆனால் எழுத்தைவிடக் கட்டுமானம்தான் முக்கியம். மொத்தம் மூன்று துண்டு: நடுவில் கறுப்பு பூசிய இரும்பு, முன்னும் பின்னும் வெள்ளிச் சட்டம். சட்டங்கள் இரண்டையும் விளிம்பில் பற்றவைத்திருப்பார்கள், நாங்கள் பொடி வைத்து ஊதுகிற மாதிரியேதான். பத்து மடங்கு லென்ஸோடு விளிம்பைச் சுற்றி வாருங்கள். அந்தப் பற்று மயிரிழை போலத் தெரியும். அரம் போட்டு மறைத்திருந்தால் கைகள் சேரும் உள்மூலைகளில் தேடுங்கள். இரும்புக்கும் சட்டத்துக்கும் இடையே மெல்லிய இடுக்கும் இருக்க வேண்டும்.

காந்தம் ஒட்டினால் போதும் என்பார்கள். போதாது. போலிகளிலும் இரும்பு வைக்கிறார்கள், சில அசல்களில் நடுத்துண்டு இரும்பே இல்லை. வளையத்தில் 800 என்ற வெள்ளி முத்திரையோ, செய்தவர் எழுத்தோ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். முத்திரை குத்துவது சின்ன வேலை, அதை மட்டும் நம்பிப் பணம் எடுக்காதீர்கள். ரிப்பனை, நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கில் காட்டுங்கள். பளீரென்று மின்னினால் பெரும்பாலும் பிற்கால நூல். ரிப்பன் மாற்றிய அசலும் உண்டு என்பதால் அதற்காகச் சிலுவையை ஒதுக்க வேண்டாம்.

1939ஆம் ஆண்டுச் சிலுவையில் நாஜிகளின் ஸ்வஸ்திகா இருக்கும். நம் கணக்குப் புத்தகத்தில் போடும் மங்கலக் குறியாக அதை நினைத்துவிடாதீர்கள். அந்தக் குறியின் கீழ் கொல்லப்பட்டவர்களை நினைத்து நான் அவற்றை வாங்குவதில்லை. மேற்கு ஜெர்மனி 1957இல் ஸ்வஸ்திகாவை நீக்கி, ஓக் இலை வைத்த வடிவத்தை அனுமதித்தது. இரண்டாம் போர்ப் பதக்கம் வேண்டுமென்றால் அதை வாங்கலாம். 1939ஆம் ஆண்டின் பெருஞ்சிலுவை என்ற உயர்ந்த வகை, நாஜித் தலைவர் கோயரிங் ஒருவருக்குத்தான் தரப்பட்டது. யாராவது உங்களிடம் நீட்டினால் அது நகல்தான்.

அப்புறம், வீட்டுக்கு வந்ததும் வெள்ளி கறுத்திருக்கிறதே என்று பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள். விபூதி வைத்தும் தேய்க்காதீர்கள். கறுப்புப் பூச்சு உரிந்து இரும்பு துருப்பிடிக்கும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். ஐப்பசி மழைக்கு முன் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையை மாற்றிவிடுங்கள்.