மீன்பிடித் திருவிழா: குடும்பத்தோடு ஊத்தா குத்துவது எப்படி?

சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை மாவட்டக் கிராமங்களில் அறுவடை முடிந்து கண்மாய்த் தண்ணீர் வற்றியதும் ஊர் ஊராக மீன்பிடித் திருவிழா நடக்கும். முயல் வேட்டை இன்று சட்டப்படி குற்றம். தாத்தாவும் பேரனும் சேர்ந்து இறங்க மிஞ்சியிருக்கும் வேட்டை இதுதான்.

முதலில் ஊத்தா. மூங்கில் சிம்புகளை வட்டமாகக் கட்டிய, மேலும் கீழும் திறந்த கூடு; இதைத் தண்ணீரில் குத்தி மீனை உள்ளே மடக்குவதுதான் 'ஊத்தா குத்துவது'. அடிவாய் அகலம், மேல்வாய் கை நுழையும் அளவு. அடியில் சிம்பு முனைகள் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். ஒன்று குட்டையாக இருந்தாலும் மீன் அந்தச் சந்தில் சேற்றைக் குடைந்து வெளியேறிவிடும். மேல்வாய் விளிம்பில் பழைய துணி சுற்றாவிட்டால் முழங்கை கிழியும். சிம்புகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி போதும்; குஞ்சுகள் தப்பிப் போகட்டும்.

விடியும் முன்பே கரையில் நில்லுங்கள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும் வரை யாரும் இறங்கக் கூடாது. முழங்கால் அளவுத் தண்ணீர்தான் தோது. ஊத்தாவின் மேல்வாய் மூழ்கினால் மீன் அந்த வழியாகவே போய்விடும். மடைப் பக்கமும் மண் அள்ளிய பள்ளங்களும் ஆழம், சின்னப் பிள்ளைகளை அங்கே விடவே கூடாது.

தனித்தனியாக ஓடிக் குத்துவது வீண். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் நாலைந்து பேர் இரண்டடி இடைவெளியில் வரிசை கட்டி, ஒரே நேரத்தில் குத்தி ஒரே நேரத்தில் எடுத்து முன்னேறுங்கள். ஒருவரிடம் தப்பும் மீன் பக்கத்தில் இருப்பவரிடம் சிக்கும். பின்னால் பெண்களும் பிள்ளைகளும் கச்சா வலையோடு வந்தால், கலங்கிய தண்ணீரில் மேலே வரும் கெண்டையை அள்ளலாம்.

ஊத்தாவை சேற்றில் அழுத்தியதும் கொஞ்சம் பொறுங்கள். உள்ளே மீன் இருந்தால் சிம்பில் 'டக்'கென்று முட்டும், அது உள்ளங்கைக்குத் தெரியும். உடனே கையை விடாதீர்கள். முதலில் விளிம்பைச் சுற்றிக் காலால் மிதித்து இறுக்குங்கள். பிறகு கையை ஓரமாக இறக்கித் தடவுங்கள். வழுவழுப்பும் மீசையும் பட்டால் கெளுத்தி. முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள். பழகாதவர்கள் கையை எடுத்துவிட்டுப் பெரியவரைக் கூப்பிடட்டும். செதில் பட்டால் தலையைச் சேற்றோடு அமுக்கி, செவுளுக்குப் பின்னால் பிடியுங்கள். விரால் வாலைப் பிடித்தால் நிச்சயம் நழுவும். ஜிலேபி மீனைத் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவித்தான் பிடிக்க வேண்டும், எதிர்த்துத் தடவினால் முதுகு முள் குத்தும். பிள்ளைகளுக்கு இதையெல்லாம் வாயால் சொல்வதைவிட, அவர்கள் கைமேல் உங்கள் கையை வைத்து உள்ளே விட்டுக் காட்டுவதே நல்லது. அந்த ஒரு தடவையில் பயம் போய்விடும்.

கெளுத்தி குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரைமணி நேரமாவது கையை வையுங்கள், கடுப்பு குறையும். முள் ஒடிந்து உள்ளே இருந்தால் மருத்துவமனைதான். ஆமை மாட்டினால் அப்படியே விட்டுவிடுங்கள், அதைப் பிடிப்பதும் குற்றம். ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் திரும்ப விடாதீர்கள். நாட்டு மீன் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும்.

பிடித்ததை விற்பது வழக்கமில்லை. வெறுங்கையோடு கரையேறிய சொந்தக்காரருக்கு முதல் பங்கு கொடுங்கள். விராலைக் கல் உப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் வழுவழுப்பு போகும். சேற்று வாடை பிடிக்காதவர்கள், உயிர் விராலை நல்ல தண்ணீர் நிரப்பிய பானையில் ஓர் இரவு விட்டு மறுநாள் குழம்பு வைக்கலாம். பானை வாயைத் துணியால் கட்டி, மேலே கல் வையுங்கள். துள்ளி வெளியே விழுந்துவிடும்.