தென்னைக்கு அடியில் கோகோ: நிழல் கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

சோழவந்தான் பக்கம் கொடிக்கால் போட்டவர்களுக்கு நிழலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முதலில் அகத்தி விதைப்பார்கள். அது எழுந்து நிழல் கட்டிய பிறகுதான் வெற்றிலைக் கொடி மண்ணுக்குள் போகும். வெயில் ஏறும்போது அகத்தியைத் தழைய விடுவார்கள், மழைக்காலத்தில் கழித்துவிடுவார்கள். அதே ஊரில், அதே வைகைத் தண்ணீரில், தென்னந்தோப்புக்குள் கோகோ வைக்கும்போது மட்டும் அந்த அறிவை வரப்பிலேயே விட்டுவிட்டு வருகிறோம். தென்னை இருக்கிறது, நிழல் தானாகக் கிடைக்கும் என்று நானும் நம்பினேன். வாடிப்பட்டிக்கு அருகே எங்கள் தோப்பில் முதல் முறை நட்ட கன்றுகளில் பாதிக்கு மேல் இரண்டாவது சித்திரையைத் தாண்டவில்லை. ஏன் போயின என்று தேடித்தான் கோகோ ஆய்வுகளைப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் விலை. 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் ஒரு டன் கோகோ 12,000 டாலரைத் தாண்டியது. அந்தச் செய்தியைப் பார்த்துக் கன்று தேடி அலைந்தவர்கள் பலர். ஓராண்டுக்குள் விலை அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. கன்று நட்டால் மூன்றாம் ஆண்டுதான் காய் கண்ணில் படும், நிலையான மகசூலுக்கு இன்னும் இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். இன்றைய விலையைப் பார்த்து நடுகிற கன்று, நமக்குத் தெரியாத ஒரு விலைக்குத்தான் காய்க்கப்போகிறது. தென்னை வருமானத்தின் மேல் ஏறி நிற்கிற இரண்டாவது வருமானமாக அதைப் பார்ப்பவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் தாங்கும். கடன் வாங்கித் தோப்பு முழுக்க நடுபவர்களுக்குத் தாங்காது.

இனி நிழல். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கோகோ அமேசான் காட்டின் பெரிய மரங்களுக்குக் கீழே வளர்ந்த மரம். அதற்கு ஆண்டுக்கு 1,500 முதல் 2,000 மில்லிமீட்டர் மழை, பரவலாக எல்லா மாதங்களிலும் வேண்டும். மதுரை வட்டாரத்துக்குக் கிடைப்பது சுமார் 850 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிக் கொட்டித் தீர்த்துவிடும். ஆகவே உலகத்து ஆய்வுகளைப் படிக்கும்போது, அந்த ஆய்வு நடந்த ஊரில் எவ்வளவு மழை என்பதை முதலில் பார்க்க வேண்டும். இதைப் பார்க்காததுதான் படித்தவர்கள் செய்யும் முதல் தவறு.

ஆய்வுகள் சொல்வது அத்தனையும் மதிப்புள்ளது. பொலிவியாவில் 2008-இல் தொடங்கிய நீண்டகாலச் சோதனைப் பண்ணையில் தனிப்பயிர்க் கோகோவையும் மரங்களோடு சேர்ந்த கோகோவையும் அருகருகே வளர்த்துப் பார்க்கிறார்கள். கோகோ மட்டும் என்று கணக்கிட்டால் தனிப்பயிர் கூடுதலாகக் காய்க்கிறது. வாழையும் மற்றவையும் சேர்த்து நிலத்தின் மொத்த விளைச்சலைக் கணக்கிட்டால் கலப்புத் தோட்டம் முந்துகிறது. 2020-இல் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தவர்களுக்கும் இதே திசையில்தான் விடை கிடைத்தது: கலப்பில் கோகோ மகசூல் சுமார் 25 சதவீதம் குறைவு, நிலத்தின் மொத்த விளைச்சல் பல மடங்கு அதிகம். கானாவில் நடந்த ஆய்வுகள், மரக்கவிகை, அதாவது மேலே நிற்கும் மரங்களின் இலைக்கூரை, நிலத்தில் 30 சதவீதம் வரை மூடியிருந்தால் கோகோ மகசூலுக்குப் பங்கமில்லை என்று காட்டின. நம் ஊர்க் கூட்டங்களில் இந்த 30 சதவீதத்தை மந்திரம்போல் சொல்கிறார்கள்.

சொல்லாமல் விடுவது வேறொன்று. அதே கானாவில், கோகோ விளையும் பகுதியின் வறண்ட விளிம்பில் நடந்த ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. கடும் வறட்சி வந்தபோது அங்கே திறந்த வெயிலில் நின்ற கோகோவைவிட, நிழல் மரத்துக்குக் கீழே நின்ற கோகோ அதிகமாகச் செத்தது. மேலே நின்ற மரமும் கீழே நின்ற மரமும் ஒரே ஈரத்துக்குப் போட்டியிட்டன. ஒன்றிரண்டு மர வகைகளை வைத்து நிழலே கெடுதல் என்று பொதுமைப்படுத்தக் கூடாது என்று மற்ற ஆய்வாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த எதிர்ப்பும் நியாயமானதுதான். ஆனால் வாடிப்பட்டியிலிருந்து பார்க்கிற எனக்கு அந்த வறண்ட விளிம்பு அந்நியமாகத் தெரியவில்லை. நிழல் மரம் வெயிலைத் தடுக்கிறது, கூடவே தண்ணீரையும் குடிக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்காமல் நிழலை மட்டும் கணக்கிடுவதுதான் எங்கள் தோப்பில் நடந்த தவறு.

கணக்கு கடினமானதல்ல. கோகோ மரத்துக்குக் கோடையில் சொட்டுநீரில் நாளொன்றுக்குச் சுமார் 20 லிட்டர் வேண்டும். தென்னை வரிசைகளுக்கு நடுவே ஏக்கருக்கு 200 மரம் என்றால் தினம் 4,000 லிட்டர். இது தென்னைக்கு விடுகிற தண்ணீர் போகத் தனியாக. சித்திரையில் உங்கள் கிணறு அதைத் தருமா? தை மாதத்துக் கிணற்றைப் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரானால் உப்பின் அளவையும் பரிசோதித்துவிட வேண்டும். தென்னை பொறுத்துக்கொள்ளும் உப்பைக் கோகோ பொறுக்காது. இலை ஓரம் கருகிச் சுருளும். தண்ணீர் 50 மரத்துக்குத்தான் இருக்கிறது என்றால் 50 மரம் நடுவதில் குறைவு ஒன்றுமில்லை.

அடுத்த தவறு, நிழல் மரத்தை ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இலையோடு நிற்பதாக நினைப்பது. தாண்டிக்குடி பக்கம் காப்பித் தோட்டங்களில் கல்யாண முருங்கையைப் பார்த்துவிட்டு வந்து கீழே சமவெளியில் நடுகிறார்கள். கல்யாண முருங்கை மாசி, பங்குனியில் இலையை உதிர்த்துவிட்டுச் செக்கச்செவேல் என்று பூக்கும். மலைக் குளிர்ச்சியில் அது பரவாயில்லை. இங்கே சரியாக வெயில் கடுக்கிற வேளையில் கூரை காணாமல் போகிறது. கழிக்காமல் விட்ட கிளைரிசிடியா என்ற தழையுர மரமும் அப்படித்தான். போடி பக்கத்து இலவமரமும் காய் வெடிக்கும் காலத்தில் மொட்டையாகத்தான் நிற்கும். மேற்கு ஆப்பிரிக்கக் கையேடுகள் கோகோவுக்கு அருகே இலவமரம் ஆகாது என்கின்றன; அதற்குக் காரணம் வேறு. அங்கே கோகோவைக் கொல்லும் தண்டு வீக்க வைரசுக்கு இலவம் ஒரு புகலிடம். காரணத்தைப் படிக்காமல் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டால், அந்த வைரசுக்குப் பயந்து இங்கே நல்ல இலவமரத்தை வெட்டிப்போடுவோம். நம் ஊரில் இலவத்தின் மேல் இருக்கிற குறை, பங்குனியில் அதற்கு இலை இல்லை என்பதுதான்.

தென்னையின் நிழலும் மரத்தின் வயதைப் பொறுத்தது. ஏறத்தாழ எட்டு வயதிலிருந்து இருபத்தைந்து வயது வரை மட்டைகள் தாழ்ந்து நெருங்கி, தரையில் வெளிச்சமே குறைவாக இருக்கும். அதற்குப் பிறகு தலை உயர்ந்து வெளிச்சம் சல்லடையாக இறங்கும். பன்னிரண்டு வயதுத் தோப்பில் நட்டால் கோகோ வெளிச்சம் தேடி ஒல்லியாக நீளும், காய்க்காது. நெருக்கி நட்ட தோப்பில் இது இன்னும் மோசம்.

நான் இப்போது செய்கிற சோதனை ஒன்று உண்டு. பங்குனி வெயிலில் உச்சிப்பொழுதில், தோப்பின் நடுவரிசையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் போடுகிறேன். வெயிலும் நிழலும் வேட்டியில் காசு காசாக, கலைந்து கலைந்து, ஏறத்தாழ பாதிக்குப் பாதியாக விழுந்தால் கன்றுக்கு அந்த இடம் சரி. முழுக்க நிழலாக விழுந்தால் அங்கே நடுவதில்லை. வெயில் பாளம் பாளமாக விழுந்தால் ஆறு மாதம் முன்னதாக வாழை போட்டுவிட்டுத்தான் கன்று. வேட்டியைச் சித்திரையில் ஒருமுறை, கார்த்திகையில் ஒருமுறை மறுபடி விரிக்க வேண்டும். ஒரே இடம் இரண்டு வேறு தோட்டங்களாகத் தெரியும்.

தோப்பைச் சுத்தமாக வைத்திருப்பது நம்மவர்களுக்குப் பெருமை. சருகைக் கூட்டி, குவித்து, தீ வைத்துவிடுவார்கள். கோகோ தோப்பில் இது பெரிய சேதம். கோகோ பூ நேராக அடிமரத்திலும் கிளையிலும் பூக்கும். சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். அதற்கு மகரந்தம் சேர்ப்பது தேனீ அல்ல, கொசுவைவிடச் சிறிய ஒரு வகை ஈ. ஈரச் சருகிலும், அழுகும் வாழைத் தண்டிலும், உடைத்துப் போட்ட கோகோ ஓட்டிலும்தான் அது முட்டையிட்டுப் பெருகும். ஆஸ்திரேலியாவில் கோகோ ஓடுகளை மரத்தடியில் பரப்பிப் பார்த்தார்கள். காய்ப்பிடிப்பு கூடியதை 2017-இல் வெளியிட்டார்கள். சென்ற கார்த்திகையில் எங்கள் தோப்பில், வெட்டிப்போட்ட வாழைத் தண்டு ஒன்றைப் புரட்டினேன். கறுத்துக் கூழான உட்புறத்தில் நூல் நுனிபோலப் புழுக்கள் நெளிந்தன. அவற்றில் எது அந்த ஈயின் புழு என்று என் கண்ணால் பிரித்தறிய முடியாது. ஆனால் அந்தத் தண்டைத் திரும்ப அதே இடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இங்கேயே இன்னொரு தவறையும் சொல்லிவிட வேண்டும். விரல் நீளப் பிஞ்சுகள் மரத்திலேயே மஞ்சளாகிக் கறுத்துச் சுருங்கி நிற்பதைப் பார்த்ததும் நோய் என்று மருந்தடிக்கிறார்கள். பெரும்பாலும் அது மரம் தாங்க முடியாத பாரத்தைத் தானே குறைத்துக்கொள்வது. மருந்து பிஞ்சைக் காப்பாற்றாது, மகரந்தம் சேர்க்கும் ஈயைக் கொல்லும். தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்து, கீழே கோகோ இலையில் கரும்பூசணம் படியும்போதும் இதே அவசரம் வருகிறது. அந்த வெள்ளை ஈயை அடக்குகிற ஒட்டுண்ணிக் குளவிகள் தோப்பிலேயே பெருகும். பூச்சிக்கொல்லி முதலில் அழிப்பது அவற்றைத்தான். கருங்காய் அழுகல் வேறு விஷயம்: மழைக்காலத்தில் முற்றிய காயிலும் பழுப்புக் கறை பரவினால் அந்தக் காய்களை அன்றன்றே அறுத்துத் தோப்புக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும். சருகு விட்டுவைக்கச் சொன்னேன் என்று நோய்க்காயையும் விட்டுவைக்கக் கூடாது.

கன்று வாங்கும்போது, நன்றாகக் காய்க்கிற ஒரே ரகத்தின் ஒட்டுச்செடியை மட்டும் கேட்டு வாங்கி நடுவது அறிவுபோலத் தோன்றும். கோகோவில் பல மரங்கள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. அதே ரகத்தின் அடுத்த மரத்துடையதையும் ஏற்காது. பூத்துக் கொட்டும், காய் நிற்காது. நான்கைந்து ரகங்களைக் கலந்து நடுங்கள். கவாத்தைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று: அடிமரத்திலிருந்து நேராகக் கிளம்பும் நீர்ப்போத்துகளை மாதம் ஒருமுறை கையாலேயே ஒடித்துவிட வேண்டும்; விட்டால் கோகோவே தன் மேல் தனக்கு நிழல் கட்டிக்கொள்ளும்.

கடைசியாக, இத்தனை பாடுபட்டு விளைந்த காயை நாம் கெடுக்கிற இடம். அணில் கடிக்குமே என்று பச்சையாக அறுப்பது ஒன்று, காயைத் திருகி இழுப்பது இன்னொன்று. காம்பு இருந்த மேட்டில்தான் அடுத்த ஆண்டுப் பூ வரும். திருகினால் அந்த மேடும் பிய்ந்துவிடும். கத்தியால் அறுங்கள், மஞ்சள் ஏறிய பிறகு அறுங்கள்.

கொட்டையை எடுத்து உடனே சிமெண்ட் களத்தில் காயப்போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். புளிக்கவைக்காத கொட்டையில் சாக்லேட் மணம் பிறக்காது. வாழை இலை விரித்த கூடையில் சதையோடு கொட்டி, இலையும் சாக்கும் போட்டு மூடி, மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் கிளறிவிட்டு, ஆறு நாள் வைக்க வேண்டும். பிறகும் மதுரை வெயில் சுடும் தரையில் ஒரே மூச்சில் காயவைத்தால் கொட்டையின் மேல்தோல் முந்தி இறுகி, புளிப்பு உள்ளேயே தங்கிவிடும். பாய் விரித்து, கைவிட்டுக் கிளறி, மெல்லக் காயவிட வேண்டும். காய்ந்ததை நீளவாட்டில் பிளந்து பாருங்கள். சாம்பல் நிறமாக வழவழப்பாக இருந்தால் புளிக்கவே இல்லை. ஊதாவாக இருந்தால் அரைகுறை. பழுப்பேறி உள்ளே வெடிப்பு வெடிப்பாகப் பிரிந்திருந்தால் சரி. அதுவரை காத்திருக்காமல் கூடையிலேயே தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது: மூன்றாம் நாள் கிளறும்போது கையை நடுவே விட்டால் சூடு கையைப் பின்னுக்கு இழுக்க வைக்க வேண்டும், ஏறத்தாழ 45 முதல் 50 டிகிரி. வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் கொட்டை போதவில்லை அல்லது மூடியது போதவில்லை. அன்றே இன்னொரு சாக்கைப் போடுங்கள், அடுத்த முறை பக்கத்துத் தோப்புக்காரரோடு சேர்ந்து ஒரே கூடையாகப் போடுங்கள்.