மனைத் தொழில் கூட்டிலிருந்து விலகிய வழி

மூவர் கூட்டாக மனை வாங்கி விற்றோம். நான் விலகக் கேட்டால், விலை ஏறட்டும் என்று மற்ற இருவரும் இழுத்தடித்தார்கள். என் இடத்தில் வெளியாரைச் சேர்க்கப் பார்த்தேன். 1932 கூட்டாண்மைச் சட்டப்படி அதற்கு எல்லோர் சம்மதமும் வேண்டும்.

கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தை வரிவரியாகப் படித்தபோது வழி தெரிந்தது. கால வரம்போ, கூட்டை முடிக்கும் முறையோ அதில் இல்லை. அப்படியானால் 32ஆம் பிரிவின்படி எழுத்து மூலம் அறிவித்தே விலகலாம். இருவருக்கும் பதிவுத் தபால் அனுப்பினேன். கணக்கு முடியும்வரை லாபப் பங்கோ 6 சதவீத வட்டியோ தரச் சொல்லும் 37ஆம் பிரிவையும் குறிப்பிட்டதும் என் பங்கின் மதிப்பீட்டுக்கு இணங்கினார்கள். அப்பாடா!

பலர் கவனிக்காதது: பணம் வாங்கிய பிறகும், பொது அறிவிப்பு வரும்வரை நிறுவனத்தின் புதிய கடன் நம்மையும் பிடிக்கும். பதிவு பெற்ற நிறுவனம் என்பதால் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் தமிழ் நாளிதழிலும் வெளியிட்டேன்.