அடியில் சுருண்ட நூல்

திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டில், தையல் மெசினில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தபோது, துணியின் அடிப்பக்கத்தில் நூல் குருவிக்கூடு போலச் சுருண்டது. சிக்கல் அடியில் தெரிந்ததால் அடிநூல் சுற்றிய பொபினையே குறைகூறி, அதைத் தாங்கும் கூட்டின் சிறு திருகை இரண்டு நாட்கள் வீணாக முறுக்கிக்கொண்டிருந்தேன். மேலே சிவப்பும் கீழே வெள்ளையுமாக நூல் கோர்த்துத் தைத்துப் பார்த்த பின்னரே, அடியில் தளர்ந்து தொங்குவது மேல்நூல் என்பது புரிந்தது. துணியை அழுத்திப் பிடிக்கும் மெசினின் பாதத்தை இறக்கி வைத்தபடியே நூல் கோர்த்திருந்ததால், மேல்நூலுக்கு இறுக்கம் தரும் தட்டுகள் இறுகியிருந்தன; அவற்றுக்கு இடையே அது இறங்கவேயில்லை. பாதத்தை உயர்த்தி மீண்டும் கோர்த்ததும் தையல் சீரானது.

தட்டுகளில் பஞ்சும், கடற்காற்றின் உபயத்தால் சிறிது துருவும் படிந்திருந்தன. பருத்தித் துணியொன்றை இடையில் விட்டு இழுத்துத் துடைத்தேன். அங்கு எண்ணெய் விட்டால் நூல் வழுக்கும். உறையின் ஓர் ஓரத்தில் அந்தச் சிவப்புத் தையல் இன்னும் இருக்கிறது.