குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளை நன்றி சொல்லப் பழக்குவது

பல வீடுகளில் குடும்ப ஜெபம் ராத்திரி சாப்பாடெல்லாம் முடிந்த பிறகுதான். பெரியவர்கள் ஆமென் சொல்வதற்குள் சின்னது பாயிலேயே தூங்கிவிடும். அதனால் முதலில் நேரத்தை மாற்றுங்கள். சாப்பாட்டுக்கு முன்பே ஜெபத்தை வைத்துவிடலாம். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் பிள்ளையின் பங்கு ஒரு நிமிடம் போதும்.

"இயேசப்பா, எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம்" (அதாவது நன்றி) என்று பிள்ளை மனப்பாடமாக ஒப்பிக்கிறதா? திருத்தாதீர்கள், கேள்வி கேளுங்கள். "இன்னைக்கு ஸ்கூல்ல யாரு உனக்கு ஹெல்ப் பண்ணா?" பதில் வந்ததும் அதையே ஜெபமாகச் சொல்லச் சொல்லுங்கள்: "இயேசப்பா, என் பென்சில் உடைஞ்சப்போ பக்கத்துப் பையன் அவன் பென்சிலைக் குடுத்தான், ஸ்தோத்திரம்." தினம் இரண்டு போதும். நேற்றுச் சொன்னதை இன்று சொல்லக்கூடாது என்பது மட்டும் விதி.

முதலில் பெரியவர்கள் இப்படி ஜெபிக்க வேண்டும். "மழைக்கு முன்னாடி துணி காஞ்சிடுச்சு, ஸ்தோத்திரம்" என்று அம்மா சொன்னால் பிள்ளைக்குப் பிடி கிடைக்கும். நாம் பெரிய வார்த்தைகளாக அடுக்கினால் பிள்ளையும் பாஸ்டர் குரலில் "மகிமையுள்ள தகப்பனே" என்று இழுக்கும். கேட்க அழகாக இருக்கிறதென்று சொந்தக்காரர்கள் முன்னால் ஜெபிக்கச் சொல்லிக் காட்டாதீர்கள். அதோடு ஜெபம் ஒப்பித்தலாகிவிடும்.

வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு பைபிளில் உள்ள 136-ஆம் சங்கீதம் என்ற துதிப்பாட்டு உதவும். 26 வசனங்களும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடியும். முன்பாதியை நீங்கள் வாசியுங்கள், பின்பாதியைப் பிள்ளை சொல்லட்டும். சூரியன், சந்திரன், நட்சத்திரம் வரும் 9-ஆம் வசனத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். 10-இலிருந்து எகிப்தின் தலைச்சன் பிள்ளைகளின் சாவு, செங்கடல் என்று போகும், சின்னப் பிள்ளைக்கு அது அப்புறம். ஆகாரம் கொடுப்பதைச் சொல்லும் 25-க்குத் தாவி, பிறகு வீட்டு விஷயத்தை நுழையுங்கள்: "தங்கச்சிக்குக் காய்ச்சல் விட்டது." "அவர் கிருபை என்றுமுள்ளது!" ஒரு வாரத்தில் முன்பாதியும் பிள்ளையிடமிருந்தே வர ஆரம்பிக்கும்.

காரியம் கெடுவது பெரும்பாலும் நம்மால்தான். "ஆண்டவரே, இவன் இனிமேலாவது ஒழுங்கா படிக்கணும்" என்று ஜெபத்துக்குள் திட்டு வைத்தால் பிள்ளை அந்தப் பக்கமே வராது. "சாப்பாடில்லாத பிள்ளைங்க எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா?" என்பதில் நன்றி வராது, குற்ற உணர்ச்சிதான் வரும். விண்ணப்பத்தையும் தனியாக, கடைசியில் வையுங்கள். முதலில் வைத்தால் சைக்கிள் கேட்பதிலேயே ஜெபம் முடிந்துவிடும். அழுதுகொண்டு வந்த நாளில் ஸ்தோத்திரம் சொல்லக் கட்டாயப்படுத்த வேண்டாம். 13-ஆம் சங்கீதம்கூட "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் தொடங்குகிறது.

ஜெபத்தில் பெயர் வந்த ஆளுக்கு மறுநாள் நேரிலும் தேங்க்ஸ் சொல்ல வையுங்கள். சபையில் அறுப்பின் பண்டிகை (விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் நாள்) உண்டென்றால், இரண்டு மாதம் முன்பே ஒரு தொட்டியில் பிள்ளை கையால் வெண்டை விதை போடச் செய்யுங்கள். காய் நான்கே நான்கு வந்தாலும் அதைப் பிள்ளையே காணிக்கையாகக் கொண்டுபோய் வைக்கட்டும். காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும்போது பாசத்தோடு நீங்களே அதைத் திரும்ப எடுத்துவிடாதீர்கள், வேறு யாராவது வாங்கிப் போகட்டும்.